நாற்காலிக்காகக் கவிதை எழுதும் நாடு

வேல்ஸ் நாட்டில் ஒரு கவிஞர் பெறக்கூடிய ஆகப்பெரிய பரிசு ஒரு நாற்காலி. பட்டம் என்ற பொருளில் சொல்லவில்லை. தச்சர் மரத்தை இழைத்துச் செய்த, வீட்டுக்குத் தூக்கிப்போய் உட்காரக்கூடிய நாற்காலி. ஒவ்வோர் ஆகஸ்டிலும் முதல் வாரத்தில், ஓர் ஆண்டு வடக்கில், மறு ஆண்டு தெற்கில் என்று ஊர் மாற்றி நடக்கும் தேசிய ஐஸ்டெத்வோட் விழாவில் வெள்ளிக்கிழமை பிற்பகல் அதைத் தருகிறார்கள். விழாவின் பெயரிலேயே நாற்காலி இருக்கிறது. வெல்ஷ் மொழியில் 'ஐஸ்டெத்' என்றால் உட்கார்தல். 'போட்' என்றால் இருத்தல். சேரும்போது பகரம் வகரமாகிவிடும். நம் இலக்கிய விழா அழைப்பிதழ்களில் 'முதல் அமர்வு, இரண்டாம் அமர்வு' என்று போடுகிறோமே, அந்த 'அமர்வு' ஏறக்குறைய சரியான மொழிபெயர்ப்பு.

வேல்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் கெல்டிக் பண்பாட்டு விழா என்றதும் இணையத்தில் கிடைக்கும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: வெள்ளை, நீலம், பச்சை அங்கிகளில் ஊர்வலம், வட்டமாக நட்ட கற்கள், நீண்ட எக்காளம், பெரிய வாள். இந்தக் காட்சிகள் அழகுதான். ஆனால் அந்த விழாவை இத்தனை காலம் உயிரோடு வைத்திருப்பது எந்தப் படத்திலும் தெரியாது. அது கேட்பவர்களின் காது. ஒரு வரி சரியாக விழுந்ததா, பிசகியதா என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லக்கூடிய சாதாரண மனிதர்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கவிஞரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவர்களைப் பற்றிப் பேச வேண்டும். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நாற்காலி. 1176-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் ரீஸ் அப் கிரிஃபித் என்ற தென் வேல்ஸ் ஆட்சியாளர் கார்டிகன் கோட்டையில் ஒரு பெரும் கூட்டம் கூட்டினார். வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து எங்கும் ஓராண்டுக்கு முன்பே அறிவிப்புச் செய்தார் என்று அக்கால வெல்ஷ் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. இரண்டு போட்டிகள், இரண்டு நாற்காலிகள்: ஒன்று கவிஞர்களுக்கு, மற்றொன்று இசைக்காரர்களுக்கு. இசையில் அவருடைய அவையைச் சேர்ந்த ஓர் இளைஞன் வென்றான். கவிதையில் வடக்கே குவினெத் நாட்டுக்காரர்கள் வென்றார்கள். நாற்காலி ஏன்? அரசவையில் தலைமைக் கவிஞருக்கு என்று ஓர் இருக்கை உண்டு. அதில் உட்காரும் உரிமைதான் பரிசு.

அப்புறம் அரசவைகள் போய்விட்டன. 1282-க்குப் பிறகு வேல்ஸ் இங்கிலாந்தின் கைக்குள் வந்தது. கவிஞர்கள் நிலக்கிழார் வீடு வீடாகப் போய்ப் பாடிப் பிழைத்தார்கள். அப்படிப் போகிறவர்களில் யார் முறையாகக் கற்ற கவிஞர், யார் ஊர்சுற்றி என்று பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை வந்தது. 1523-இலும் 1560-களிலும் கயர்விஸ் என்ற ஊரில் நடந்த ஐஸ்டெத்வோட்கள் உண்மையில் உரிமத் தேர்வுகள். தேறியவருக்குச் சான்று, தேறாதவர் வேறு பிழைப்பைப் பார்க்க வேண்டியதுதான். இன்றைய நடுவர்களின் கறார் அந்தத் தேர்வு அறையிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

தேர்வில் என்ன கேட்டார்கள்? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வெல்ஷ் மரபுக் கவிதையின் உயிர் 'கங்ஹானெத்' என்ற ஒலிக்கட்டு. சொல்லின் பொருள் இசைவு. ஒரு வரியை இரண்டாக மடித்தால், முதல் பாதியில் வந்த மெய்யொலிகள் அதே வரிசையில் இரண்டாம் பாதியிலும் வர வேண்டும். உயிரொலிகள் மாற வேண்டும். தமிழில் ஒன்று கட்டிப் பார்த்தால் சட்டென்று பிடிபடும்:

மலை வழி, மாலை விழ

முதல் பாதியில் ம், ல், வ், ழ். இரண்டாம் பாதியிலும் ம், ல், வ், ழ். மோனையில் முதலெழுத்து ஒன்றும், எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றும். இங்கே சொற்களின் எலும்புக்கூடு முழுதுமே ஒன்ற வேண்டும். மாலை விழும் நேரத்து மலைவழி என்று ஒரு பொருளும் அதில் நிற்க வேண்டும். இந்த ஒரு வரிக்கே நான் காகிதத்தில் நிறைய அடித்துத் திருத்தினேன். இது அவர்களுடைய நான்கு வகைகளில் ஒரு வகை மட்டும். இன்னொரு வகையில் வரிக்குள்ளேயே இயைபும் வரும், மெய்களும் ஒன்றும். அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதற்குத் தனிக் கணக்கு உண்டு. எழுத்து எப்படி இருக்கிறது என்பதைவிட ஒலி எப்படி விழுகிறது என்பதே சட்டம். ஒரு சொல்லின் கடைசி 'ட்' மென்மையாக ஒலித்து, அடுத்த சொல்லும் அதே மென்மையான 'ட்'டில் தொடங்கினால், வாயில் அது வல்லொலியாகிவிடுகிறது அல்லவா? அதை வல்லொலியாகவே கணக்கில் எடுக்க வேண்டும். கண்ணால் சரிபார்க்கிறவர் இதில் தோற்றுப் போவார்.

நாற்காலிக்கான 'அவ்டல்' என்ற நெடுங்கவிதை 250 வரி வரை போகலாம். அத்தனை வரியிலும் இந்தக் கட்டு இருக்க வேண்டும். கூடவே, 15-ஆம் நூற்றாண்டில் கார்மார்தன் ஐஸ்டெத்வோடில் வகுத்த 24 யாப்பு வடிவங்களிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும். அவற்றில் மக்களுக்கு மிகவும் பிடித்தது 'எங்லின்': நான்கு வரி, 30 அசை. கல்லறைக் கற்களில் எங்லின் பொறித்திருக்கும், திருமண வாழ்த்தில் எங்லின் இருக்கும்.

சரி, இதையெல்லாம் யார் எழுதுகிறார்கள்? பேராசிரியர்கள் மட்டும் என்று நினைத்தால் தவறு. 1966-இல் நாற்காலி வென்ற டிக் ஜோன்ஸ் கார்டிகன் பக்கத்து விவசாயி. பின்னாளில் விழாச் சடங்குகளை நடத்தும் 'கோர்செத்' என்ற கவிஞர் குழாமின் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார். 1976-இல் அவருடைய கவிதைதான் சிறந்தது என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள். ஆனால் அவர் உள்ளூர் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தார், விதிப்படி அவர் போட்டியிட்டிருக்கக் கூடாது என்று தெரிந்ததும் நாற்காலி அடுத்தவருக்குப் போனது. எல்லாரும் மதிக்கும் கவிஞர், தன் சொந்த ஊர்ப் பக்கம் நடந்த விழா. அங்கேயும் விதி வளையவில்லை.

வானொலியில் 1979 முதல் 'டாலூர்ன் அ பெய்ர்த்' என்றொரு நிகழ்ச்சி ஓடுகிறது. டாலூர்ன் என்றால் சேவற்கட்டு நடக்கும் களம். கவிஞர்களின் சேவற்கட்டு என்று சொல்லலாம். வட்டாரம் வட்டாரமாக அணிகள். கொடுத்த தலைப்புக்கும் வடிவத்துக்கும் எழுதிக்கொண்டு வந்து வாசிப்பார்கள். நடுவர் அங்கேயே பத்துக்கு மதிப்பெண் போடுவார், அரை மதிப்பெண்வரை துல்லியமாக. அந்த நடுவருக்கு 'மெயரின்' என்று பெயர். முற்காலத்தில் இதே போன்ற போட்டிக்கு நடுவராக இருந்த ஒருவரின் புனைபெயர் அது. அப்படியே பதவியின் பெயராகிவிட்டது. ஜெரல்ட் லாய்ட் ஓவன் என்ற கவிஞர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மெயரினாக இருந்தார். ஒரு வரி ஏன் ஒன்பது, ஏன் எட்டரை என்று அவர் விளக்குவதைச் சமையலறையில் வேலை செய்துகொண்டே, டிராக்டர் ஓட்டிக்கொண்டே கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. நான் சொன்ன காது அங்கேதான் பழகுகிறது. ஆகஸ்டில் விழாத் திடலின் இலக்கியக் கூடாரத்தில் அதே போட்டி நேரில் நடக்கும். இடம் கிடைக்காமல் ஓரமாக நின்று கேட்பவர்களும் உண்டு.

நாற்காலிப் போட்டிக்குக் கவிதை அனுப்புபவர் தன் பெயரைச் சொல்லக் கூடாது. புனைபெயரில் அனுப்புவார். உண்மைப் பெயர் ஒட்டிய உறைக்குள் இருக்கும். மூன்று நடுவர்கள். வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருக்கும்போது, நடுவர்களில் ஒருவர் மேடையேறி எல்லாக் கவிதைகளையும் விமர்சித்துவிட்டு, கடைசியில் வென்ற புனைபெயரைச் சொல்வார். எக்காளம் ஊதும். விளக்குகள் அணையும். அந்தப் புனைபெயருக்கு உரியவர், அவர் மட்டும், எழுந்து நிற்க வேண்டும். ஒளிவட்டம் ஒன்று கூட்டத்தின்மேல் தேடிக்கொண்டே போகும். பக்கத்து இருக்கையில் இருப்பவரா, பின் வரிசைக்காரரா என்று ஆயிரக்கணக்கானோர் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். அப்புறம் அவரை மேடைக்கு அழைத்துப் போய், பெரிய வாளை உறையிலிருந்து பாதி மட்டும் உருவி, கோர்செத்தின் தலைவர் கேட்பார்: "சமாதானம் உண்டா?" கூட்டம் "ஹெத்துக்!" என்று முழங்கும். சமாதானம் என்று பொருள். மூன்று முறை கேள்வி, மூன்று முறை பதில். வாளை முழுதாக உருவுவதே இல்லை.

தகுதியான கவிதை இல்லை என்றால் நாற்காலி யாருக்கும் கிடையாது. 2013-இல் டென்பீயில் அப்படித்தான் நடந்தது. செய்த நாற்காலி காலியாகவே நின்றது.

1917-இல் நாற்காலி காலியாக நின்ற காரணம் வேறு. அந்த ஆண்டு விழா லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்கன்ஹெட்டில் நடந்தது. செப்டம்பர் 6. வென்ற புனைபெயரை அழைத்தார்கள். யாரும் எழவில்லை. மறுபடி அழைத்தார்கள். மறுபடியும். பிறகுதான் தலைவர் சொன்னார், அந்தக் கவிஞர் போரில் இறந்துவிட்டார் என்று. எல்லிஸ் ஹம்ஃப்ரி எவன்ஸ் என்ற அவர், டிரவ்ஸ்வனித் என்ற மலைக் கிராமத்தில் ஆடு மேய்த்தவர். ஹெத் வின் என்ற பெயரில் எழுதினார். வெண்சமாதானம் என்று அதற்குப் பொருள். படையில் சேர்ந்த பிறகும் கவிதையைத் திருத்திக்கொண்டே இருந்து, பிரான்சிலிருந்துதான் அனுப்பி வைத்தார். ஜூலை 31 அன்று, முதல் உலகப் போரின் பாஷண்டேல் சண்டை தொடங்கிய முதல் நாளிலேயே விழுந்தார். வயது 30. மேடையில் இருந்த நாற்காலியின் மேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள். அன்றிலிருந்து அந்த விழாவுக்கே 'கறுப்பு நாற்காலி விழா' என்று பெயர்.

அந்த நாற்காலியைச் செதுக்கியவர் போருக்குத் தப்பி பெல்ஜியத்திலிருந்து ஓடிவந்த ஓர் அகதிச் சிற்பி. போர் துரத்திய ஒருவர் செய்த நாற்காலி, போர் கொன்ற ஒருவருக்குக் கிடைத்தது. ஹெத் வின் வளர்ந்த அஸ்கூர்ன் பண்ணைவீட்டில் அது இன்றும் இருக்கிறது. "சமாதானம் உண்டா?" என்ற சடங்குக் கேள்வி, சமாதானத்தைப் பெயரிலேயே வைத்திருந்தவரின் காலி நாற்காலிக்கு முன்னால் எப்படி ஒலித்திருக்கும் என்று யோசித்தால் தொண்டை அடைக்கிறது.

இப்போது அந்த அங்கிகளுக்கும் கற்களுக்கும் வருகிறேன். அவை பழைய ட்ரூயிட் பூசாரிகளின் மரபு என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். இல்லை. அது யோலோ மோர்கானுக் என்ற கொத்தனாரின் படைப்பு. கல் செதுக்குவது தொழில். கவிதை, பழஞ்சுவடி, நாட்டுப்பற்று என்று வாழ்ந்தவர். 1792-இல் லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் கூழாங்கற்களை வட்டமாக வைத்து 'கோர்செத்' என்ற கவிஞர் குழாமை நடத்திக் காட்டி, இது பண்டைய மரபு என்றார். 1819-இல் கார்மார்தனில் அதை ஐஸ்டெத்வோடோடு இணைத்துவிட்டார். பெருங்கவிஞர் ஒருவரின் பெயரில் தானே கவிதைகள் எழுதிச் சேர்த்ததும் அவர்தான். 20-ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் சுவடி சுவடியாக ஆராய்ந்து இதை நிறுவினார்கள். பொய் பொய்தான், அதைப் பூசி மெழுகக் கூடாது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசும் தலைநகரும் பல்கலைக்கழகமும் இல்லாத ஒரு மக்களுக்கு, கவிஞரை உச்சத்தில் வைக்கும் ஒரு பொதுச் சடங்கைக் கொடுத்தவர் அவர். தளபதிக்கோ பிரபுவுக்கோ அல்ல, யாப்பு தெரிந்தவருக்கு எல்லாரும் எழுந்து நிற்கும் சடங்கு. அந்தத் தேவை உண்மையானது.

எவ்வளவு தேவை என்பது 1847-இல் தெரிந்தது. வேல்ஸின் பள்ளிகளை ஆராய வந்த அரசு ஆணையத்தார், நீல அட்டை போட்ட அறிக்கையில், மக்களின் அறியாமைக்கும் ஒழுக்கக்கேட்டுக்கும் அவர்களுடைய மொழியைக் காரணம் காட்டினார்கள். 1866-இல் லண்டன் டைம்ஸ் நாளிதழ், வெல்ஷ் மொழிதான் வேல்ஸின் சாபம் என்றே எழுதியது. 1861-இல் அபர்டேரில் முதல் தேசிய ஐஸ்டெத்வோட் நடந்தது இந்தச் சூழலில்தான். அவமானம் ஒருபுறம் தாய்மொழியைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னது. மறுபுறம் ஆங்கிலத்தில் பேசி, 'நாங்களும் முன்னேறியவர்கள்தான்' என்று நிரூபிக்கச் சொன்னது. பல பத்தாண்டுகள் மேடையில் ஆங்கிலம் தாராளமாகப் புழங்கியது. 1937-இல்தான் விழாவின் மொழி வெல்ஷ் என்று விதி எழுதினார்கள். 1950 முதல் அதை முழுதாக நடைமுறைப்படுத்தினார்கள். வெல்ஷ் தெரியாதவர்களுக்குக் காதில் மாட்டும் கருவி வழியாக உடனடி மொழிபெயர்ப்பு கிடைக்கும். மேடையின் மொழி மாறாது. 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 5,38,000 பேர். மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ள மக்களில் 17.8 விழுக்காடு. இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, ஒரு வாரம் முழுதும் அந்த மொழி மட்டுமே புழங்கும் ஓர் ஊரை ஆண்டுதோறும் கட்டி எழுப்புவது சாதாரண காரியமில்லை.

நடிகர்கள் கதை வேறு. நேர்மையாகச் சொன்னால், இந்த விழா கவிஞரை நடத்தும் விதத்தில் நடிகரை நடத்தியதில்லை. இத்தனைக்கும் 18-ஆம் நூற்றாண்டில் வெல்ஷ் நாடகம் தெருவிலும் சந்தையிலும் செழித்திருந்தது. டூம் ஓர் நான்ட் என்பவர் மரம் ஏற்றும் வண்டிக்காரர். தானே எழுதி, தானே நடித்து, ஊர் ஊராகக் கூத்துப் போட்டவர். வட்டி வாங்குபவன், வாடகை ஏற்றும் நிலக்கிழான், ஏமாற்றும் வக்கீல் என்று யாரையும் விடமாட்டார். 1789-இல் கார்வன் ஊர் ஐஸ்டெத்வோடில் அவரும் போட்டியிட்டார். வேறோர் இளைஞருக்குப் பரிசு போனது. அந்தத் தீர்ப்பு பிடிக்காத டேவிட் சாம்வெல், கேப்டன் குக்கின் கடற்பயணத்தில் போன மருத்துவர், தன் பங்குக்கு டூமுக்கு ஒரு வெள்ளிப் பேனா பரிசளித்தார்.

அதன் பிறகு மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் எழுச்சி வலுத்தது. கூத்து, பிடில், சந்தை வேடிக்கை எல்லாம் பாவம் என்றாகிவிட்டன. கவிதைக்கும் பாட்டுக்கும் மட்டும் தேவாலயத்துக்குள் இடம் கிடைத்தது. மேடை நாடகத்தின் உணர்ச்சி எல்லாம் 'மனனம் செய்து ஒப்புவித்தல்' என்ற தனிநபர்க் கலைக்குள் ஒதுங்கியது. இன்றும் விழாவில் அந்தக் கலைக்குப் பெருமதிப்பு உண்டு. 1902-இல் பாங்கர் விழாவில், பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான லாய்ட் ஜார்ஜ், நாடகத்தையும் வளருங்கள் என்று மேடையிலேயே கேட்டுக்கொண்டார். இப்போது நாடக ஆசிரியருக்கு ஒரு பதக்கம், இளம் நடிகருக்கு வேல்ஸ் நாட்டு நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் பெயரில் ஒரு பரிசு என்று இருக்கின்றன. ஆனால் வெல்ஷ் மொழிக்கு என்று ஒரு தேசிய நாடகக் குழு அமைந்தது 2003-இல்தான். நாற்காலி 1176, நாடகக் குழு 2003. 2024-இல் போன்டிப்ரித் விழாவில், நடுவர்கள் தங்கள் வேலையை முடித்த பிறகு, நாடகப் பதக்கப் போட்டியையே ரத்து செய்துவிட்டார்கள். விளக்கம் கேட்டு நாடகத் துறையினர் குரல் எழுப்பினார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்பது என் எண்ணம். எல்லாக் கவிதைக்கும் பொதுவில் காரணம் சொல்லும் மேடை, நாடகத்துக்கும் அதே மரியாதையைத் தந்திருக்க வேண்டும்.

கதைசொல்லிக்கு நடந்தது இன்னும் சோகம். பழைய வேல்ஸில் 'கவார்வித்' என்று ஒருவர் இருந்தார். விஷயம் தெரிந்தவர் என்று பொருள். கதை சொல்வது அவர் கலை. மாபினோகி என்ற பழைய வெல்ஷ் கதைகளில் குவிடியன் என்ற மந்திரக்காரன் பிரடெரி அரசனின் அவைக்குக் கவிஞன் வேடத்தில் போகிறான். இரவு முழுதும் கதை சொல்லி அவையைக் கட்டிப்போடுகிறான். உலகிலேயே சிறந்த கதைசொல்லி அவன்தான் என்கிறது கதை. பிறகு மந்திரத்தால் உண்டாக்கிய குதிரைகளையும் நாய்களையும் கொடுத்து, அரசனின் அரிய பன்றிகளையும் கைப்பற்றிவிடுகிறான். கதையின் வலிமை என்ன, ஆபத்து என்ன என்று இரண்டையும் அறிந்தவர்கள் சொன்ன கதை அது. ஆனால் கவார்வித்துக்கு விழாவில் நாற்காலி இல்லை. அவருடைய கலை ஏட்டுக்குப் போய், இன்று உரைநடைப் பதக்கமாகவும் நாவல் பரிசாகவும் இருக்கிறது. வென்ற நூல் எது என்பது மேடையில் அறிவிக்கும்வரை ரகசியம். அறிவித்த கையோடு திடலின் புத்தகக் கடைகளில் அந்த நூல் விற்பனைக்கு வந்துவிடும்.

அயர்லாந்துக்காரர்கள் இதில் வேறு வழியில் போனார்கள். ஐஸ்டெத்வோடைப் பார்த்து 1897-இல் அவர்கள் தொடங்கிய 'இராக்தஸ்' விழாவில் வாய்மொழிக் கதைக்குத் தனிப் போட்டி உண்டு. இரண்டு பேர் பாட்டாகவே எதிரும் புதிருமாக வழக்காடும் கலையும் உண்டு. ஸ்காட்லாந்தின் 'மோட்' விழா 1892-இல் ஓபன் நகரில் தொடங்கியது. அங்கே பாட்டுக்குத்தான் முதலிடம். பிரான்சின் பிரிட்டனி கவிஞர்களோடு வேல்ஸின் உறவு 1899-இல் கார்டிஃபில் உறுதியானது. இரண்டாகப் பிளந்த ஒரு வாளின் பாதிகளை இரு தரப்பும் கொண்டுவந்து சேர்த்துப் பிடித்தார்கள். ஒரே குடும்பத்து மொழிகள்தான், ஆனால் ஒவ்வொருவரும் தங்களிடம் எது பிழைத்திருந்ததோ அதைச் சுற்றி விழாவைக் கட்டிக்கொண்டார்கள்.

வேல்ஸில் பிழைத்திருந்தது யாப்பு. அதிலும் ஒரு பெரிய குறை இருந்தது. பெயர் மறைத்த போட்டி என்பதால் ஆண், பெண் என்ற வேறுபாடே இருந்திருக்கக் கூடாது. ஆனால் நாற்காலியில் முதல் பெண் உட்கார்ந்தது 2001-இல். அவர் மெரரிட் ஹாப்வுட். விழாவில் புதுக்கவிதைக்குத் தரும் மற்றொரு பரிசான கிரீடத்தை ஒரு பெண் 1953-லேயே வென்றிருந்தார். கங்ஹானெத் கற்றுக்கொடுக்கும் வட்டங்கள் ஆண்களின் வட்டங்களாகவே இருந்தன. புனைபெயர் அந்தக் கதவைத் திறக்காது. 1976-இல் யாப்பைப் பரப்ப ஒரு சங்கம் அமைந்து, வகுப்புகள் பெருகி, வெல்ஷைப் பள்ளியில் கற்றவர்களும் உள்ளே வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 2013-இல் கோர்செத்தின் தலைமைக்கு வந்த முதல் பெண்ணான கிறிஸ்டின் ஜேம்ஸ், வீட்டில் வெல்ஷ் பேசி வளராதவர். 2024 முதல் அந்தப் பொறுப்பு ஹாப்வுட்டிடம்.

வெள்ளிக்கிழமை சடங்கு முடிந்ததும் திடலில் ஒரு புத்தகத்துக்கு வரிசை நிற்கும். அந்த ஆண்டு வென்ற படைப்புகளும் நடுவர்களின் முழு விமர்சனமும் அதில் இருக்கும். தோற்றவர்கள் பற்றியும் இருக்கும், புனைபெயரோடு. எந்த வரியில் மெய் தவறியது, எந்தப் பத்தியில் கற்பனை தளர்ந்தது என்று ஒளிவுமறைவின்றி எழுதியிருப்பார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கவிதை அனுப்பியவர் பக்கங்களைப் புரட்டித் தன் புனைபெயரைத் தேடுவார். அடுத்த ஆண்டுக்கான தலைப்பும் தெரிந்துவிடும். அனுப்பக் கடைசி நாள் வழக்கமாக ஏப்ரல் 1.